வெளிமானுக்கு வெளி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடியக்கரை வனவிலங்குச் சரணாலயத்தைப் பற்றித் தங்கள் வாசகர் பகுதியில் அண்மையில் வந்த கடிதத்தைப் படித்தேன். கஜா புயலில் மரங்களை இழந்த அந்தக் காட்டில் "வெறுமையாகக் கிடக்கும்" இடங்களையெல்லாம் கணக்கெடுத்து, பள்ளி மாணவர்களையும் தன்னார்வலர்களையும் திரட்டி, ஒரே மழைக்காலத்தில் மரக்கன்றுகளை நட்டு முடித்துவிட வேண்டும் என்று அதை எழுதிய அன்பர் வேண்டியிருந்தார். அவருடைய அக்கறையில் எனக்கு ஐயம் இல்லை. ஆனால் அவர் எதை வெறுமை என்கிறாரோ அதைக் காப்பதற்காகவே அந்தச் சரணாலயம் ஏற்படுத்தப்பட்டது என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வேதாரண்யம் வட்டாரத்தில் நெடுங்காலம் தாவரவியல் கற்பித்தவன் என்ற உரிமையில் எழுதுகிறேன். கடிதம் சற்று நீண்டுவிட்டால் பொறுத்தருள வேண்டும்.

கோடியக்கரைச் சரணாலயம் 1967ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்டது. யானைக்காகவோ புலிக்காகவோ அன்று, வெளிமானுக்காக. பரப்பளவில் அது மிகச் சிறியது. 20 சதுர கிலோமீட்டரைச் சுற்றிய அளவுதான். 321 சதுர கிலோமீட்டர் கொண்ட முதுமலைச் சரணாலயத்தோடு ஒப்பிட்டால் ஒரு மூலைக்குக்கூடக் காணாது. இந்தச் சிறிய இடத்துக்குள் என்றும் பசுமையான உலர்காடும், புல்வெளியும், உமரி படர்ந்த சேற்று நிலமும், இராவணன் மீசைப் புல்லும் அடம்பங்கொடியும் பிடித்து நிறுத்தியிருக்கும் மணல்மேடுகளும் ஒன்றையொன்று அடுத்து அமைந்திருக்கின்றன. 2002ஆம் ஆண்டில் இப்பகுதி ராம்சர் ஈரநிலமாக, அதாவது ராம்சர் உடன்படிக்கையின் கீழ் உலக அளவில் முக்கியமான ஈரநிலமாக, அறிவிக்கப்பட்டது. 2022ஆம் ஆண்டு வரை தமிழ்நாட்டுக்கு இருந்த ஒரே ராம்சர் நிலம் இதுதான். ஒரு நிலவகை மற்றொன்றின் இடத்தைப் பிடித்துக்கொண்டால் அதை ஈடுசெய்ய வேறு இடம் கிடையாது என்பதே இந்தச் சிறுமையின் பொருள். முதுமலையில் ஒரு புல்வெளி புதராகிப்போனால் விலங்குகள் அடுத்த பள்ளத்தாக்குக்கு நகரலாம். கோடியக்கரையில் கிழக்கிலும் தெற்கிலும் கடல், மேற்கே சதுப்பும் உப்பளமும், வடக்கே ஊர்.

வெளிமான் என்ற பெயரையே எடுத்துக்கொள்வோம். வெளியில் வாழும் மான் என்று அந்தப் பெயர் தானாகவே சொல்லிவிடுகிறது. பழைய தமிழில் இதற்குப் புல்வாய் என்றும் ஒரு பெயர் உண்டு. அது எதைத் தின்று வாழ்கிறது என்பதை அந்தப் பெயர் சொல்லிவிடுகிறது. ஆண்மானை இரலை என்றார்கள். அதன் முறுக்கிய கொம்பைத் திரிமருப்பு என்றார்கள். முல்லைத் திணைப் பாடல்களில் மழை பெய்த புன்செய் வெளியில் பிணையோடு, அதாவது பெண்மானோடு, துள்ளித் திரிவது இந்த இரலைதான். இன்று சரணாலயத்துக்கு வரும் பயணிகளில் பலர் புள்ளிமானைப் பார்த்துவிட்டு வெளிமானைப் பார்த்ததாக எண்ணித் திரும்புகிறார்கள். இரண்டும் வேறு வேறு குடும்பத்தைச் சேர்ந்தவை. புள்ளிமானின் கொம்பு கிளைவிட்டு வளர்ந்து, உதிர்ந்து, மீண்டும் முளைக்கும்; வெளிமானின் கொம்பு கிளைக்காது, உதிராது. புள்ளிமான் புதரோரத்திலும் மர நிழலிலும் தழையைக் கடித்துப் பிழைத்துக்கொள்ளும். வெளிமானுக்கு அந்தப் பிழைப்புப் போதாது.

அதன் உடலமைப்பு முழுவதும் திறந்த நிலத்துக்கு ஏற்றது. வெளிமான் ஒளிந்து தப்பும் விலங்கு அன்று, கண்டு தப்பும் விலங்கு. தலையைத் தூக்கினால் நெடுந்தொலைவு தெரிய வேண்டும். ஆபத்து எனக் கண்டால் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் நீண்டு தாவிப் பாய இடம் வேண்டும். கோடியக்கரையில் புலியோ சிறுத்தையோ இல்லை. நரிதான் அங்குள்ள பெரிய வேட்டை விலங்கு. வளர்ந்த இரலையை அது நெருங்குவது அரிது, குட்டியைத்தான் நாடும். தாய்மான் ஒரு பேற்றில் ஒரே குட்டியை ஈன்று, அதைப் புல்லுக்குள் படுக்கவைத்துவிட்டு மேயப் போகும். முள்புதர் நெருங்கி வந்துவிட்ட இடத்தில் நரிக்கும், ஊரிலிருந்து வரும் தெருநாய்களுக்கும் மறைவு கிடைக்கிறது, தாய்மானின் கண்ணுக்கு எட்டும் தொலைவோ குறைகிறது. ஆண்மான்களுக்கு வெளி தேவைப்படுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இணைசேரும் பருவத்தில் கறுத்த இரலைகள் புல்வெளியில் ஆளுக்கொரு திடலை வகுத்துக்கொண்டு, எல்லையை உணர்த்த ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் புழுக்கை இட்டு, தலையை நிமிர்த்திக் கொம்பு முதுகில் படிய நடைபோடும். பிணைகள் தொலைவிலிருந்து பார்த்து வருவதற்காக நடக்கும் அந்த அணிவகுப்பைப் புதருக்குள் நடத்த முடியாது.

மரத்துக்கு எதிராக நான் பேசுவதாக யாரும் எண்ணிவிடக் கூடாது. கோடியக்கரையின் காடு தமிழ்நாட்டின் அரிய செல்வங்களில் ஒன்று. இந்தியாவில் சோழமண்டலக் கடற்கரையை ஒட்டி மட்டுமே காணப்படும் உலர் பசுமைமாறாக் காடு என்ற வகையைச் சேர்ந்தது அது. இந்த வகைக் காடு பிற இடங்களில் பெரும்பாலும் ஐயனார் கோயில் காடுகளாகவும் ஊர்த் தோப்புகளாகவும் துண்டு துண்டாகச் சுருங்கிவிட்டது. ஒரே பரப்பாக இந்த அளவுக்கு எஞ்சியிருக்கும் இடங்கள் மிகச் சில. ஆண்டு மழையின் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் பெய்து தீர்ந்துவிட, மற்ற மாதங்களை மணலுக்கடியில் தேங்கிய நன்னீரையும் கடற்காற்றின் ஈரத்தையும் கொண்டு தள்ளியாக வேண்டிய இந்த மண்ணில், மரங்கள் இலையை உதிர்க்காமல் பசுமையாக நிற்பதே ஒரு வியப்பு. தடித்துத் தோல்போன்ற சிறிய இலைகளைப் பெற்றிருப்பதுதான் அவற்றின் உத்தி. காட்டின் தலைமகன் பாலை மரம். முனை சற்றே உள்வாங்கிய அதன் இலையையும், கீறினால் பால் வடியும் பட்டையையும், உலக்கைப் பாலை என்ற பெயரை வாங்கித் தந்த வைரம் பாய்ந்த கட்டையையும் என் மாணவர்களுக்குக் காட்டாத ஆண்டு இல்லை. கோடையில் அதன் மஞ்சள் நிறச் சிறு பழங்கள் பழுக்கும்போது வேதாரண்யம் கடைத்தெருவிலும் பாலைப்பழம் விற்பனைக்கு வந்துவிடும். காட்டுக்குள் குரங்கும் நரியும் புனுகுப்பூனையும் பறவைகளும் அதே பழத்துக்காகக் காத்திருக்கும். பாலையோடு நாவலும், வீரையும், காசானும், உகாயும், கொன்றையும், கீழே களாவும் காரையும் இசங்கும், அவற்றின்மேல் பிரண்டையும், மழைக்காலத்தில் செங்காந்தளும் சேர்ந்ததுதான் அந்தக் காடு. குளிர்காலத்தில் உள்ளே நடந்தால் சருகைக் கிளறிக்கொண்டிருக்கும் ஆறுமணிக்குருவியின் இரட்டைச் சீழ்க்கையைக் கேட்கலாம்.

இந்தக் காட்டின் தொன்மைக்குச் சான்று தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. இவ்வூர்ச் சிவபெருமானாகிய கோடிக்குழகரைப் பாட வந்த சுந்தரர், கடற்காற்று மோதும் கரையில் துணையின்றி இறைவன் இருப்பதைக் கண்டு வருந்தியபோது, அங்கே காடு மிகுந்திருப்பதையும் பொந்துகளில் ஆந்தையும் கூகையும் குழறுவதையும் குறிப்பிட்டிருக்கிறார். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னமே காடு அங்கே நின்றது. அதன் நடுவே புல்வெளியும் இருந்தது; அதனால்தான் காட்டு மரங்களும் வெளிமானும் ஒரே இடத்தில் நம் காலம் வரை தங்கின. ஒன்று உருப்படியானது, மற்றொன்று உருப்படாமல் விடப்பட்டது என்பது நம் கண்ணின் பழக்கம். வருவாய்த்துறைப் பதிவேடுகளைப் பாருங்கள்: மரமும் பயிரும் இல்லாத நிலம் தரிசு, அதற்குமேல் மரியாதை கிடைத்தால் மேய்க்கால் புறம்போக்கு. மேய்க்கால் என்று எழுதிய கணக்கர் அந்த நிலத்தின் பயனையாவது அறிந்திருந்தார். இன்று நாம் அதையும் மறந்து வெற்றிடம் என்கிறோம்.

கஜா புயல் 2018 நவம்பர் 16ஆம் நாள் அதிகாலையில் கரையைக் கடந்தபோது இந்தக் காடு அதன் பாதையில் நேரே சிக்கியது. வேரோடு சாய்ந்த மரங்களும், முறிந்து நின்ற கிளைகளும், மடிந்த மான்களும் பறவைகளும் இந்த வட்டாரத்தார் எவர் மனத்தைவிட்டும் எளிதில் அகலமாட்டா. தென்னையை இழந்த உழவனுக்குக் கன்று வேண்டும். அதில் இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் புயல் சாய்த்த காட்டுக்குக் கன்று நடுவது வேறு கணக்கு. உலர் பசுமைமாறாக் காட்டின் மரங்களும் புதர்களும் பலவும் அடிக்கட்டையிலிருந்து மீண்டும் துளிர்க்கும் இயல்புடையவை. நூற்றாண்டுகளாகப் புயல் அடிக்கும் கரையில் அந்த இயல்பு இல்லாதவை நிலைத்திருக்க முடியாது. மீதி வேலையைப் பழந்தின்னும் விலங்குகளும் பறவைகளும் செய்கின்றன. நரியின் எச்சத்தில் விழுந்து பாதையோரத்தில் முளைக்கும் பாலைக் கன்று மெதுவாகத்தான் வளரும். நாற்றங்காலில் பையில் வளர்த்து விழா மேடைக்கு அருகே நடப்படும் கன்றைப்போல ஆண்டு அறிக்கையில் எண்ணிக்கையாகக் காட்ட உதவாது. ஆனால் அதுவே அந்தக் காட்டின் கன்று. அது தழைக்க அதைப் போட்டியிலிருந்து காப்பாற்றினால் போதும்.

போட்டி என்று நான் சொல்வது சீமைக் கருவேலத்தை. நடு அமெரிக்காவையும் அதை ஒட்டிய நிலங்களையும் தாயகமாகக் கொண்ட இம்மரம் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் விறகுக்காகவும் வறண்ட நிலத்தைப் பசுமையாக்குவதற்காகவும் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. "வெற்றிடத்தை நிரப்புவோம்" என்ற அதே நல்லெண்ணத்தோடு வந்தது என்பதைத் தங்கள் வாசக அன்பர் கவனிக்க வேண்டும். காற்றின் ஈரத்தை உறிஞ்சி மழையைத் தடுக்கிறது, வெப்பத்தைக் கக்குகிறது என்றெல்லாம் இதன்மேல் சுமத்தப்படும் பழிகளில் எனக்கு நம்பிக்கை இல்லை. பொய்ப் பழி தேவைப்படாத அளவுக்கு உண்மையான குற்றம் அதனிடம் இருக்கிறது. இதை விறகாக விற்றும் கரி மூட்டம் போட்டும் பிழைக்கும் ஏழைக் குடும்பங்கள் இருக்கின்றன என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கோடியக்கரையில் அது பரவும் விதம் இதுதான். நெருங்கிய காட்டுக்குள் அதனால் எளிதில் நுழைய முடிவதில்லை, ஏனென்றால் அதற்கு வெயில் வேண்டும். புயலில் மரம் சாய்ந்து வானம் தெரியும் இடத்தில் நுழையும். அதைவிட எளிதாகப் புல்வெளியில் நுழையும். அதன் நெற்று, அதாவது முற்றிய காய், இனிப்பானது. கோடையில் புல் காய்ந்துபோகும்போது மாடும், மட்டக்குதிரையும், புள்ளிமானும், ஏன் வெளிமானும் அந்த நெற்றை விரும்பித் தின்கின்றன. கடினமான மேலோடு கொண்ட விதை செரிக்காமல் வெளியேறி, சாணத்தின் உரத்தோடும் ஈரத்தோடும் மண்ணில் விழுகிறது. இரலை தன் திடலின் எல்லையைக் காட்டப் புழுக்கை இடுகிறது என்று மேலே எழுதினேன் அல்லவா? அந்தக் குவியலிலும் கருவேல விதை இருக்கும். வெளிமான் தன் வெளியை மூடப்போகும் முள்ளைத் தானே விதைக்க நேர்கிறது. அடுத்த மழையில் முழ உயரம். சில ஆண்டுகளில் ஆள் நுழைய முடியாத புதர். அதன் அடியில் அறுகும் கோரையும் மற்றப் புற்களும் மெலிந்து மறைகின்றன. என் தொடக்க ஆண்டுகளில் மாணவர்களைச் சாலையோரத்தில் நிறுத்திவைத்து மான் கூட்டத்தைக் காட்டிய ஓரிடத்தில் இன்று நின்றால் பத்தடிக்கு அப்பால் முள்ளைத் தவிர எதுவும் தெரிவதில்லை.

மட்டக்குதிரைகளைப் பற்றிச் சொன்னால் சிலருக்கு வருத்தமாக இருக்கும் என்பதை அறிவேன். கடற்கரைப் பின்னணியில் பிடரி பறக்க அவை ஓடும் படங்கள் அழகானவைதான். ஆனால் அவை காட்டு விலங்குகள் அல்ல. வளர்ப்புக் குதிரைகளின் வழிவந்து காட்டில் பெருகியவை. அவற்றுக்கு அங்கே பகையும் இல்லை, கட்டுப்பாடும் இல்லை. குதிரைக்கு மேலும் கீழும் வெட்டும்பற்கள் உண்டு. புல்லை வேரோரம்வரை கடித்துவிடும். உடல் பெரியது, ஆகவே ஒரு குதிரை உண்பது பல வெளிமான்களின் பங்கு. கோடையில் நன்னீர்க் குட்டைகள் வற்றி உவர்க்கும்போது மிஞ்சிய தண்ணீரிலும் அவற்றுக்கே முதல் பங்கு. இவற்றோடு சுற்று ஊர்களின் மாடுகளும் சேர்கின்றன. மாடு வளர்ப்பவரைக் குற்றஞ்சாட்டி ஒரு பயனும் இல்லை. மேய்க்கால் நிலமெல்லாம் வேறு வேறு பயனுக்குப் போய்விட்ட பிறகு அவர் எங்கே ஓட்டுவார்? ஆனால் குதிரைகள் எவருடைய வாழ்வாதாரமும் அல்ல. அவற்றைத் துன்புறுத்தாமல் பிடித்து இடம்பெயர்ப்பதையோ, கால்நடை மருத்துவர்களின் துணையோடு இனப்பெருக்கத்தைக் கட்டுப்படுத்துவதையோ இனியும் தள்ளிப்போடக் கூடாது என்பது என் கருத்து.

வனத்துறை கையைக் கட்டிக்கொண்டு இருக்கிறது என்றும் நான் சொல்லவில்லை. பகுதி பகுதியாகச் சீமைக் கருவேலத்தை அகற்றுகிறார்கள். கோடையில் தொட்டிகளில் நீர் நிரப்புகிறார்கள். அயல் ஊடுருவல் தாவரங்களை அகற்றி வாழிடங்களை மீட்பதற்கென 2022ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு ஒரு கொள்கையையே வெளியிட்டிருக்கிறது. குறை வேறிடத்தில் இருக்கிறது. அகற்றுவது ஒருமுறை செய்து முடிக்கும் வேலையாகக் கருதப்படுகிறது. கருவேலத்தைத் தரைமட்டத்தில் வெட்டினால் ஒரு தண்டு நின்ற இடத்தில் பத்துத் தண்டுகள் கிளம்பும். தண்டும் வேரும் சேரும் வேர்க்கழுத்துக்குக் கீழே தோண்டி எடுத்தால்தான் அந்த மரம் சாகும். அப்போதும் மண்ணில் புதைந்த விதைகள் பல ஆண்டுகள் உயிரோடு காத்திருக்கும். எனவே முதல் ஆண்டில் அகற்றிய பரப்பில் ஒவ்வொரு மழைக்குப் பிறகும் ஆள் இறங்கி, விரல் கனமுள்ள நாற்றுகளைக் கையால் பிடுங்கியாக வேண்டும். இது ஐந்தாறு ஆண்டுகள் தொடர வேண்டிய வேலை. இயந்திரத்துக்கு ஒருமுறை வாடகை கொடுப்பதற்குப் பணம் கிடைக்கிறது. நாற்றுப் பிடுங்க ஆண்டுதோறும் நாலு பேருக்குக் கூலி கொடுப்பதற்குக் கிடைப்பதில்லை. தவிரவும், மணலும் உவர்ச் சேறும் கலந்த அந்த மண்ணில் கனரக இயந்திரம் இறங்கினால் மண் புரண்டு, பிடித்து நிற்கும் புல்லின் வேர்களும் சேர்ந்து போய்விடும். புரண்ட மண்ணில் முதலில் முளைப்பது எது என்று சொல்ல வேண்டுமா?

வேலையை எங்கிருந்து தொடங்குவது என்பதும் முக்கியம். முதிர்ந்து அடர்ந்த புதரைத் தாக்குவது பார்வைக்குப் பெரிய செயலாகத் தெரியும். ஆனால் அங்கே புல் ஏற்கெனவே போய்விட்டது, மீள நாளாகும். புல் இன்னும் உயிரோடு இருந்து, இளங்கன்றுகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தலைகாட்டும் விளிம்பில் தொடங்கினால் அதே செலவில் பலமடங்கு வெளி காப்பாற்றப்படும். நெற்று பழுத்து உதிர்வதற்கு முன்னரே காய்க்கும் மரங்களை எடுத்துவிட வேண்டும். அடர்ந்த புதர்களை அதன் பிறகு ஆண்டுக்குக் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டு வரலாம். ஒரே அடியாக எல்லாவற்றையும் அழித்தால், கோடையில் நிழலுக்கும் தீனிக்கும் அதையே நம்பப் பழகிவிட்ட விலங்குகள் முதலில் தவிக்கும். அகற்றிய மரத்தை என்ன செய்வது என்ற கேள்வி எழும்போதெல்லாம் சட்டம் குறுக்கே நிற்பதாகச் சொல்வார்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 29ஆவது பிரிவு, தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதியின்றிச் சரணாலயத்தின் வாழிடத்தை மாற்றவோ அங்கிருந்து வனப்பொருளை எடுக்கவோ கூடாது என்கிறது. எடுத்த பொருளை வணிகத்துக்குப் பயன்படுத்தவும் தடை விதிக்கிறது. ஆனால் அதே பிரிவு, அப்படி அகற்றப்பட்ட பொருளைச் சுற்றியுள்ள மக்களின் சொந்தத் தேவைக்குக் கொடுக்க இடம் தருகிறது. கோடியக்காட்டிலும் கோடியக்கரையிலும் விறகடுப்பு எரியும் வீடுகளுக்கு அந்த முள்விறகை முறைப்படி பகிர்ந்தளித்தால், காட்டு மரத்தின்மேல் விழும் அரிவாளும் குறையும்.

மறுபுறம், மரக்கன்று நடும் விழாவும் இதே பிரிவின் கீழ் வாழிடத்தை மாற்றும் செயல்தான் என்பதை நாம் நினைத்துப் பார்ப்பதில்லை.

மற்ற ஊர்களின் அனுபவம் நமக்குப் பாடமாக இருக்கிறது. கிண்டி 1978ஆம் ஆண்டில் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது; பரப்பு 2.7 சதுர கிலோமீட்டர். மரங்களும் புதர்களும் அங்கே பெருகியதால் புள்ளிமானுக்கு வசதியாயிற்று. வெளிமானுக்கோ போலோ மைதானம் எனப்படும் திறந்தவெளியும் அதைப்போன்ற ஒன்றிரண்டு திட்டுகளும்தாம் புகலிடம். மாநகரின் நடுவே காடு தழைத்தது என்று நாம் மகிழ்ந்துகொண்டிருக்கையில், அதே காட்டின் பழைய குடிகளுக்கு இடம் சுருங்கியது. குஜராத்தின் பாவ்நகர் மாவட்டத்திலுள்ள வேளாவதார் தேசியப் பூங்கா இதற்கு நேர்மாறான எடுத்துக்காட்டு. 1976ஆம் ஆண்டில் வெளிமானுக்கென்றே அமைக்கப்பட்ட அந்த 34 சதுர கிலோமீட்டர் நிலத்தில் புல்லைப் புல்லாகவே பேணுகிறார்கள். அங்கும் சீமைக் கருவேலம் நெருக்கியது, அங்கும் வெளிமானே நெற்றைத் தின்று பரப்பியது. அதை அகற்றும் வேலை அங்கே நிர்வாகத்தின் வழக்கமான கடமைகளில் ஒன்று. யாரும் அதை மரமில்லாத பூங்கா என்று குறைசொல்லிக் கன்று நட வருவதில்லை.

பறவைகளைப் பற்றி எழுதத் தொடங்கினால் கடிதம் கட்டுக்கடங்காது. பூநாரைகளுக்காகவும், வடக்கே சைபீரியா போன்ற தொலை நிலங்களிலிருந்து வரும் உள்ளான் என்னும் கரைப்பறவைகளுக்காகவும் பறவையியல் அறிஞர் சாலிம் அலி இக்கரைக்கு வந்து சென்றதும், பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் இங்கே பல்லாண்டுகளாகப் பறவைகளுக்கு வளையமிட்டு ஆய்வு செய்வதும் பலர் அறிந்தவை. ஒன்றை மட்டும் குறிப்பிடுகிறேன். இப்பறவைகள் இறங்கும் சேற்று நிலமும் மரமற்ற வெளிதான். அதன் கரையோர உவர் நிலங்களிலும் கருவேலம் ஏறிக்கொண்டிருக்கிறது. நடவு ஆர்வம் கொண்ட ஒருவர் நாளை அதையும் வெற்றிடம் என்று சொல்லி அலையாத்திக் கன்றுகளோடு வந்தால் நான் வியக்கமாட்டேன். அலையாத்திக்கு மேற்கே முத்துப்பேட்டை இருக்கிறது. அங்கே அது செழிக்கட்டும்.

ஆகவே, கோடியக்கரைக்கு உதவ விரும்பும் பள்ளிகளுக்கும் தன்னார்வ அமைப்புகளுக்கும் நான் வைக்கும் வேண்டுகோள் இது. கன்று நட வேண்டும் என்றால் சரணாலயத்துக்கு வெளியே நடுங்கள். பாலை, நாவல், வீரை, காசான் ஆகியவற்றுக்கு நம் ஊர்க் கோயில் காடுகளிலும், குளக்கரைகளிலும், பள்ளி வளாகங்களிலும் எவ்வளவோ இடம் இருக்கிறது; புங்கும் கொன்றையும் புயலுக்குப் பின் நிழலிழந்த தெருக்களுக்கு வேண்டும். சரணாலயத்துக்குள் வர விரும்பினால் வனத்துறையின் அனுமதியோடு, கார்த்திகை மார்கழி மழைக்குப் பிறகு, மண் இளகியிருக்கும்போது, கையுறை அணிந்து கருவேல நாற்றுகளைப் பிடுங்க வாருங்கள். ஒரு வகுப்பு மாணவர்கள் ஒரு காலைப்பொழுதில் கன்று நடுவதைவிட எத்தனையோ மடங்கு நாற்றுகளைப் பிடுங்கிவிட முடியும். நாளிதழில் படம் போடுவதற்கு அது அவ்வளவு அழகாக இராது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

வனத்துறையிடம் வேண்டுவன: சரணாலயத்தின் நிலவகைகளைக் காட்டும் வரைபடத்தில் புல்வெளியைப் புல்வெளி என்றே குறித்து, அதற்குள் எந்த நடவுத் திட்டமும் நுழையாது என்று எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும், கருவேலத்தை அகற்றிய ஒவ்வொரு பகுதிக்கும் குறைந்தது ஐந்து ஆண்டுகளுக்கான பின்தொடர் பணிக்கு முன்கூட்டியே நிதி ஒதுக்க வேண்டும், அந்தப் பணியைச் சுற்றுக் கிராமத்துப் பெண்களுக்கும் ஆண்களுக்கும் கொடுக்க வேண்டும், ஒவ்வோர் ஆண்டும் மான் கணக்கெடுப்போடு புல்வெளியின் பரப்பையும் அளந்து வெளியிட வேண்டும். மான் எத்தனை என்ற கேள்வியை நாளிதழ்கள் ஆண்டுதோறும் கேட்கின்றன. அது மேய எவ்வளவு நிலம் மிஞ்சியிருக்கிறது என்பதையும் தங்கள் செய்தியாளர்கள் அடுத்த கணக்கெடுப்பின்போது கேட்டு வெளியிட்டால் நன்றியுடையவனாவேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியர்,
வேதாரண்யம்.